குருவிக்கு வைத்த பழம்... மைனா தின்றால் கோபம் வருதா?

குன்னூரில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு மண் தட்டு இருக்கிறது. பனி விலகும் முன்பே அதில் வாழைப்பழத் துண்டும் ஒரு பிடி அரிசியும் வைப்பது அம்மாவின் வேலை. அவர் காத்திருப்பது கொண்டைக் குருவிக்காக. புத்தகத்தில் அதற்குப் பெயர் செம்மீசைச் சின்னான்.

ஆனால், முதலில் வந்து இறங்குவது காட்டு மைனாக் கூட்டம்தான். பின்னாலேயே காகம். ஐந்தே நிமிடத்தில் தட்டு காலி. ``உங்களுக்கா வச்சேன்?'' என்று அம்மா துண்டை வீசுவார்.

அதே அம்மா, அமாவாசையன்று காகம் வந்து சோற்றைத் தொடும்வரை சாப்பிடமாட்டார். கணுப்பொங்கல் அன்று கலர் கலராகச் சோற்று உருண்டை வைத்து அழைப்பார். சட்டத்திலும் காகத்துக்கு ஏற்ற இறக்கம் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகத்தை எலியோடு சேர்த்து, தொல்லை தரும் உயிரினங்கள் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது.

நம்ம ஊர் மைனா, அங்கே வில்லன்!

1890-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 60 ஸ்டார்லிங் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். இன்று வட அமெரிக்காவில் அவை கோடிக்கணக்கில் பெருகி, தோட்டத்துத் தட்டுகளைக் காலி செய்கின்றன. மைனாவும் அதே குடும்பம்தான். பூச்சிகளை ஒழிக்க 1860-களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன நம் வீட்டு மைனாவை, இப்போது அங்கே கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள். உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் ஸ்டார்லிங், வீட்டு மைனா இரண்டுமே உண்டு.

நீலகிரியில் கதை வேறு. காட்டு மைனா இங்கே வந்தேறி அல்ல. இந்த மண்ணின் பறவை. வீட்டு மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்கும். காட்டு மைனாவுக்கு அது கிடையாது; அலகுக்கு மேல் சின்னக் குடுமி இருக்கும். மேயும் மாடுகளுக்குப் பின்னால் நடந்து, புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். நம் தட்டை நம்பி அது பிறக்கவில்லை.

அப்படியானால் தப்பு யாருடையது? எங்களுக்குப் பதில் சொன்னது ஒரு கரடி. ஒருநாள் மிச்சப் பழத்தை எடுத்துவைக்க மறந்துவிட்டோம். காலையில் பார்த்தால் தட்டு உடைந்து கிடந்தது. ஈர மண்ணில் கரடியின் கால்தடம். கோயில் விளக்கு எண்ணெயைத் தேடியே ஊருக்குள் வரும் விலங்கு, பழ வாசனையை விடுமா?

அன்றுதான் புரிந்தது. தொல்லை பறவையில் இல்லை, நாம் வைக்கும் அளவில் இருக்கிறது. குவித்து வைத்தால் காகங்கள் அங்கேயே தங்கும். தங்கும் காகம், வேலியோரக் கூட்டிலிருக்கும் சின்னானின் முட்டையையும் குஞ்சையும் விடாது. யாருக்காகத் தட்டு வைத்தோமோ, அதற்கே கேடு.

என்ன செய்யலாம்?

* காலையில் மட்டும், அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கு வையுங்கள். மாலைக்குள் தட்டைக் கழுவி உள்ளே எடுத்துவிடுங்கள்.

* உப்பு போட்ட சோறு, மிக்சர், சிப்ஸ் வேண்டாம்.

* சிட்டுக்குருவிக்குக் கூண்டுப்பெட்டி மாட்டினால், துளை ஒன்றேகால் அங்குலம் போதும். மைனா நுழைய முடியாது.

* இடமிருந்தால் தவிட்டுப்பழச் செடி வையுங்கள். சோலைகளை ஒட்டிய தோட்டமென்றால், நீலகிரியைத் தவிர வேறெங்கும் இல்லாத சிரிப்பான் குருவிகூட அதைத் தேடி வரலாம்.

இப்போது எங்கள் ஜன்னலோரம் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணம்தான். மைனாவும் குளிக்கிறது, சின்னானும் குளிக்கிறது. அம்மாவின் துண்டு கொடியிலேயே தொங்குகிறது. அமாவாசைக்கு மட்டும் காகத்துக்கு ஸ்பெஷல் அழைப்பு உண்டு!