விளையாடும் பேராசிரியர்கள்

பகலில் சர்வகலாசாலையில் பாடம் சொல்லும் பேராசிரியர் ஒருவர், இரவானதும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, வாளேந்திய வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேஷம் பூண்டு பூதங்களுடன் போர் புரிகிறார் என்று கேட்டால் நம்மில் பலர் நகைப்போம். படித்தவர்களே பொழுதை இவ்வாறு பாழாக்குவதா என்று கோபங்கொள்வோரும் உளர். இந்த நகைப்பும் கோபமும் நியாயமல்ல என்பது நமது அபிப்பிராயம். அதற்குக் காரணங்களைக் கூறுவோம்.

இவ்விளையாட்டுக்கள் சதுரங்கத்தைப் போன்றவை அல்ல. சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்ததும் காய்களைப் பெட்டியில் போட்டுவிடலாம். இணையத்தின் வழியாகப் பல தேசத்தார் ஒரே சமயத்தில் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று வாழும் இந்தக் கற்பனை உலகங்களுக்கு முடிவு என்பதில்லை. நாம் உறங்கும்போதும் அங்கே சந்தை கூடுகிறது, போர் நடக்கிறது. தனி ஒருவரால் ஆகாத காரியங்கள் பல இருப்பதால் சங்கங்கள் தோன்றுகின்றன, தலைவர்கள் எழுகின்றனர், நட்பும் பூசலும் உடன் பிறக்கின்றன. சுருங்கச் சொன்னால், அங்கே ஒரு சமுதாயம் இருக்கிறது. சமுதாயம் இருக்குமிடத்தில் சமுதாய சாஸ்திரிக்கு வேலை இல்லை என்று எவ்வாறு கூற முடியும்?

அன்றியும், கல்விச்சாலைக்கு இவ்விளையாட்டு அந்நியமானதன்று. 1978-ம் வருஷம் இங்கிலாந்தில் எஸெக்ஸ் சர்வகலாசாலை மாணவரான ராய் டிரப்ஷா 'மட்' என்ற விளையாட்டை ஆரம்பித்தார். சக மாணவரான ரிச்சர்டு பார்ட்டில் அதை விரிவுபடுத்தினார். சித்திரம் ஒன்றுமின்றி எழுத்தாலேயே நடந்த அந்த ஆட்டமே பின்வந்தவற்றுக்கெல்லாம் மூதாதை. பார்ட்டில் பிற்காலத்தில் அதே சர்வகலாசாலையில் பேராசிரியரானார்.

விளையாடிய பண்டிதர்கள் கண்டதென்ன? அமெரிக்கப் பொருளாதார நிபுணர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவாவை முதலில் எடுத்துக்கொள்வோம். 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் நோராத் என்றொரு கற்பனை உலகம் உண்டு. அங்கே சம்பாதித்த பொருள்களையும் நாணயங்களையும் ஜனங்கள் வெளியுலகில் மெய்யான டாலருக்கு விற்பதை அவர் கவனித்தார். அந்த விலைகளைக் கொண்டு கணக்கிட்டு, 2001-ம் வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோராத்வாசி ஒருவர் மணிக்குச் சுமார் 3.42 டாலர் ஈட்டுகிறார். தலைக்கு வரும் தேசிய உற்பத்தி ருஷியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது. அந்நாட்டு நாணயம் ஜப்பானிய யென்னையும் இத்தாலிய லிராவையும்விட மதிப்பு மிக்கது என்று அக்கட்டுரை கூறிற்று. பூமியின் படத்திலேயே இல்லாத தேசம் ஒன்றுக்கு இத்தனை செல்வம்! இதை வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. மனிதர்கள் உழைப்பைச் செலுத்தி, பிறர் விரும்பும் பொருளை உண்டாக்கினால், அந்தப் பொருள் கையில் தொட முடியாததாயினும் விலை பெறுகிறது என்ற உண்மையை அவர் எண்களால் நிலைநாட்டினார்.

அடுத்தவர் மானிட சாஸ்திர நிபுணரான பானி நார்டி அம்மையார். இவர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் இர்வைன் கிளையைச் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு மேல் 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' என்ற உலகில் பூசாரிப் பாத்திரம் பூண்டு வாழ்ந்தார். சீனாவுக்கும் சென்று அங்குள்ளவர்கள் விளையாடும் முறையை நேரில் கண்டறிந்தார். 2010-ம் வருஷம் அது புஸ்தகமாக வெளிவந்தது. தொலைவிலுள்ள தீவுக்குச் சென்று அந்த ஜனங்களோடு உண்டு உறங்கி அவர்கள் வழக்கங்களை எழுதிவைத்த பழைய ஆராய்ச்சியாளரை நாம் புகழ்கிறோம். அம்மையார் செய்ததும் அதுவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை உணர்ந்தவர் அவர்.

இவ்வாறு பெற்ற அறிவு உயிர்காக்கும் காரியத்துக்கும் பயன்படக்கூடும். 2005-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அதே வார்கிராப்ட் உலகில் எதிர்பாராத கொள்ளைநோய் ஒன்று பரவிற்று. ஒரு தெய்வத்தோடு போரிடுவோருக்கு மட்டும் என்று கம்பெனி வகுத்திருந்த சாபம், வளர்ப்பு மிருகங்கள் மூலமாக நகரங்களுக்குள் புகுந்துவிட்டது. வலுவற்ற பாத்திரங்கள் தெருவெங்கும் மாண்டு கிடந்தன. சிலர் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ய ஓடிவந்தனர். சிலர் ஊரைவிட்டு ஓடினர். சிலர் வேண்டுமென்றே பிறருக்குப் பரப்பினர். வேடிக்கை பார்க்க வந்து நோயை வாங்கிச் சென்றோரும் உண்டு. எரிக் லாப்கிரென், நீனா பெபர்மன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2007-ம் வருஷம் 'லான்செட்' குழுவைச் சேர்ந்த தொற்றுநோய்ச் சஞ்சிகையில் எழுதினர். நோயைக் கணிக்கும் கணக்குகள் மனிதருடைய இத்தகைய விசித்திர நடத்தையைப் போதிய அளவு கவனிப்பதில்லை என்பதே அவர்கள் விடுத்த எச்சரிக்கை. 2020-ல் கொரோனா உலகை வாட்டியபோது அந்த எச்சரிக்கை பலருக்கும் நினைவு வந்தது.

ஆனால் விளையாடும் பண்டிதர் செய்வதெல்லாம் சரி என்று நாம் வாதிக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து லயோலா சர்வகலாசாலைப் பேராசிரியர் டேவிட் மையர்ஸ், 'சிட்டி ஆப் ஹீரோஸ்' விளையாட்டில் 'ட்விக்ஸ்ட்' என்ற பெயருடன் புகுந்தார். வீரர் கட்சியும் கொடியவர் கட்சியும் பொருத வேண்டிய களத்தில், இரு கட்சியாரும் சண்டையை மறந்து சல்லாபித்துக்கொண்டிருந்தனர். மையர்ஸ் எழுதிய விதிகளின்படியே நடந்தார். எதிரிகளைக் காவல் யந்திரங்களின் எதிரே இழுத்துப் போட்டு வீழ்த்தினார். விதி அதை அனுமதித்தது, வழக்கம் அனுமதிக்கவில்லை. வசையும் மிரட்டலும் அவர்மீது பொழிந்தன. தம் கட்சியாரே அவரை வெறுத்தனர். சட்டப் புஸ்தகத்தில் இடமிருப்பதனால் மட்டும் ஒரு காரியம் ஜனங்களின் கண்ணுக்கு நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை. ஆயினும் நாம் கேட்பது இது: பகலெல்லாம் உழைத்துச் சற்று இளைப்பாற வந்தவர்கள் பண்டிதருடைய சோதனைக்குரிய தவளைகளா? வேஷத்துக்குப் பின்னால் இருப்பவர் மெய்யான மனிதர். அவர் மனமும் நோகும். இதை மறந்த ஆராய்ச்சி எத்தனை நுட்பமாயினும் குறையுடையதே.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த உலகங்களை ஆள்பவர் யார்? கம்பெனிகள். சட்டம் இயற்றுவதும் தண்டிப்பதும் நாடு கடத்துவதும் அவையே. ஐஸ்லாந்தில் பிறந்த 'ஈவ் ஆன்லைன்' என்ற விளையாட்டில் 2008 முதல் ஆட்டக்காரர்கள் வோட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் அந்தச் சபைக்கு யோசனை கூறும் உரிமை உண்டேயன்றி ஆளும் அதிகாரம் இல்லை. அதிகாரமற்ற ஆலோசனைச் சபைகளின் லட்சணத்தை நமது நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மையர்ஸ் வசை வாங்கிய 'சிட்டி ஆப் ஹீரோஸ்' உலகின் கதி என்ன? 2012-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி கம்பெனி அதை மூடிவிட்டது. ஆட்டக்காரர்கள் மகஜர் அனுப்பியும் பலிக்கவில்லை. தோழமை கொண்டாடிய வீதிகளெல்லாம் ஒரே இரவில் மறைந்தன. அன்பர்கள் தாமே புதுப்பித்து நடத்திவந்த உலகுக்குக் கம்பெனியின் அனுமதி கிடைத்தது 2024-ல்தான்.

இந்த ராஜ்யங்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் உழைக்கின்றனர், பொருளீட்டுகின்றனர், உறவு கொள்கின்றனர். ஆனால் உரிமை என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஏதுமில்லை. அங்கு நடப்பதை லாபநோக்கின்றிக் கண்டு உரைக்கத்தக்க சாட்சிகள் வேண்டும். கம்பெனியின் கணக்கு கம்பெனிக்கே தெரியும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு வாயிற்கதவு மட்டுமே தெரியும். உள்ளே புகுந்து, ஜனங்களோடு ஜனமாக வாழ்ந்து, கண்டதை அஞ்சாது எழுதும் பண்டிதனே அந்தச் சாட்சி.

ஆகவே, விளையாடும் பேராசிரியரைப் பரிகசிப்பதை விடுவோம். ஆனால் அவரிடம் கணக்குக் கேட்போம். விளையாடுங்கள், உடன் விளையாடுவோரை மதியுங்கள், அங்கே ஆள்வோர் எவ்வாறு ஆள்கின்றனர் என்பதை ஊரறியச் சொல்லுங்கள். இம்மூன்றையும் செய்பவர் இரவெல்லாம் கண்விழித்தாலும் அந்தப் பொழுது பாழன்று.