ஊட்டியில் மனைவி, மகள்... இங்கிலாந்தில் கணவர்: ஒரு கோவை கலெக்டர் குடும்பத்தின் கல்லறைக் கதை

திருப்பூர்க்காரர்களுக்கு லீவு கிடைத்தால் ஊட்டி பழகிய ரூட். போட் ஹவுஸ், பூங்கா, திரும்பும்போது ஒரு பாக்கெட் வறுக்கி. அந்த ஏரியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அதே ஊரில், ஒரு சர்ச்சுக்குப் பின்னால் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சல்லிவன் மட்டும் அங்கே இல்லை. ஏன்?

யார் இந்த சல்லிவன்?

1815 முதல் 1830 வரை கோவை கலெக்டராக இருந்தவர். அன்றைய கோவை மாவட்டம் ரொம்பப் பெரிசு. இன்றைய திருப்பூர், அவிநாசி, தாராபுரம் எல்லாம் அதற்குள்தான். திருப்பூர் தனி மாவட்டம் ஆனதே 2009-ல்தான். 1819-ல் நீலகிரி மலை ஏறிய சல்லிவன், பிறகு ஊட்டியில் கல் பங்களா கட்டினார். இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது.

குடும்பம் எங்கே?

1829-ல் அடிக்கல் நாட்டப்பட்ட செயின்ட் ஸ்டீபன் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இருக்கிறார்கள். சல்லிவன் பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1855-ல் இறந்தார். அவரது கல்லறை ஸ்லவ் நகரின் அப்டன் பகுதியில் உள்ள செயின்ட் லாரன்ஸ் சர்ச்சில் இருக்கிறது. பையரைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் இறங்கும் ஹீத்ரோவுக்குப் பக்கத்து ஊர்தான். ஒரே குடும்பத்தின் கல்லறைகளுக்கு இடையே சுமார் 8,000 கிலோமீட்டர்!

பாரிஷ் சர்ச்னா என்ன?

ஒரு வட்டாரத்துக்கான சர்ச். அந்த வட்டாரத்தின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் அங்கேயே பதிவாகும். அந்தக் காலத்தில் வசதியான குடும்பங்களுக்குத் தரைக்கு அடியில் இடமும், சுவரில் பெயர்ப் பலகையும் கிடைத்தன. மற்றவர்களுக்கு வெளியே முற்றம். அப்டன் சர்ச்சிலேயே யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் அடக்கமாகியிருக்கிறார். அடக்கப் பதிவேட்டையும் கல்லையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் சில தலைமுறைகளைத் தொடரலாம்.

கல் சொல்லாதது என்ன?

கல்லில் எழுதச் சொல்வது குடும்பம். அதனால் பாசம் இருக்கும், நற்குணம் இருக்கும். கணக்கு வழக்கு இருக்காது. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு சல்லிவன் நிலம் வாங்கிய கதையை எந்தக் கல்லறையிலும் தேட முடியாது. அந்த சர்ச்சின் உத்தரமும்கூட அப்படித்தான். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டினம் மாளிகையில் இருந்து எடுத்து வந்த மரம் அது. யாருக்காக அழுதார்கள் என்பதைக் கல் சொல்லும். யாருடைய இழப்பில் அந்த வாழ்க்கை அமைந்தது என்பதை நாம்தான் வேறு இடத்தில் படிக்க வேண்டும்.

இனி யார் பார்த்துக்கொள்வது?

2022-ல் ஊட்டியில் சல்லிவன் சிலையை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்தார். சிலைக்கு அரசு இருக்கிறது. வாரிசு ஊரை விட்டுப் போன சாதாரணக் கல்லறைக்கு? பாசி படியும், எழுத்து தேயும். இதற்காகவே 1976-ல் தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் தொடங்கப்பட்டது. கல்லறை வாசகங்களைப் பதிவு செய்வது அதன் முக்கிய வேலை.

நம்ம ஊர் வயலோர நடுகல்லுக்கும் இதே கதிதான். கும்பிட ஆள் இருந்தால் அது சாமி, இல்லாவிட்டால் துணி துவைக்கிற கல்.

அடுத்த முறை ஊட்டி போனால் அரை மணி நேரம் ஒதுக்குங்க. காலை அல்லது மாலை, வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும். அப்போது போட்டோ எடுத்து, வாசகத்தைத் தனியாக டைப் செய்து வையுங்க. கல்லைச் சுரண்டவோ, சுண்ணாம்பு தடவவோ வேண்டாம். எழுத்து போய்விட்டால் திரும்ப வராது.