கட்டுத்தறியை முதலில் அவிழ்த்துவிடுங்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. சில நாள்கள் கழித்துப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போயிருந்தேன். சாய்ந்து கிடந்த தென்னைகளைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஒரு பெரியவர் தோப்புப் பக்கமே வரவில்லை. இடிந்த கொட்டகைக்கு அழைத்துப்போய் ஒரு முளைக்குச்சியையும் அதில் கட்டியிருந்த கயிற்றையும் காட்டினார். "அவுத்து விட்டிருந்தா பொழச்சிருக்கும் சார். ராத்திரி அந்த யோசனையே வரல" என்றார்.

அந்த யோசனை காற்று வீசத் தொடங்கிய பிறகு யாருக்கும் வராது. அதனால்தான் மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே இதை எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் நாம் சம்பா நடுகிறோம். புயல் வருவதும் அதே மாதங்களில்தான்.

புயல் சொல்லாமல் வருவதில்லை. வானிலை ஆய்வு மையம் ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் முதல் தகவலையும், 48 மணிக்கு முன் அடுத்ததையும், 24 மணிக்கு முன் புயல் எச்சரிக்கையையும் தருகிறது. இந்த மூன்று நாளில் எந்த வேலையை எப்போது செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதல் நாள் தென்னைக்கும் வடிகாலுக்கும் உரியது. முற்றிய காய்களையும் இளநீரையும் இறக்கிவிடுங்கள். காய்ந்து தொங்கும் அடிமட்டைகளைக் கழித்துவிடுங்கள். தலைப்பாரம் குறைந்தால் காற்று பிடிப்பதும் குறையும். குருத்தைச் சுற்றியுள்ள பச்சை மட்டைகளில் கை வைக்க வேண்டாம். வெட்டினால் அடுத்த ஆண்டு காய்ப்புதான் போகும். இதைச் செய்த மரம் கட்டாயம் நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கஜா போன்ற காற்றின் நேர்ப்பாதையில் எதுவும் நிற்காது. ஓரத்தில் இருக்கும் தோப்புகளுக்குத்தான் இது உதவும். மரம் ஏறுபவரிடம் இப்போதே பேசி வையுங்கள். எச்சரிக்கை வந்த அன்று ஊரே அவரைத்தான் தேடும். கடைசி 24 மணி நேரத்தில், எவ்வளவு கூலி கொடுப்பதானாலும், அவரை மரத்தில் ஏற்றாதீர்கள்.

வாழைக்கு மண் அணைத்து, குலை தள்ளிய மரங்களுக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுங்கள். வெட்டும் பருவத்துக்கு நெருங்கிய தாரை விலை பார்க்காமல் வெட்டிவிடுவதே நல்லது.

நெல்லைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எந்த வழியாக வெளியேறும்? ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 100 மில்லிமீட்டர் பெய்தால் 4 லட்சம் லிட்டர். வரப்பை வெட்டிவிட்டால் மட்டும் போதாது. வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் உங்கள் வயல் தண்ணீர் பக்கத்து வயலில்தான் நிற்கும். பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து இறங்க வேண்டிய வேலை இது. வெள்ளம் வழக்கமாகத் தேங்கும் பள்ளக்கால் என்றால் அடுத்த பட்டத்துக்காவது சி.ஆர். 1009 சப் 1 போன்ற, மூழ்குவதைத் தாங்கும் ரகத்தை யோசியுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் மூட்டை மூட்டையாக யூரியா தூவுவது நம்மிடம் உள்ள பழக்கம். வேர் அழுகியிருக்கும் பயிர் அதை எடுக்காது. இளம்பயிர் மஞ்சளித்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழித் தெளிப்பாகக் கொடுங்கள். புது வேர் விட்ட பிறகு மேலுரம் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் வீட்டைப் பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். நிற்கும் பயிரையும் தோப்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் தென்னை சரியாக ஏறியிருக்கிறதா என்று புயலுக்குக் காத்திராமல் இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். காப்பீடு செய்த நெல்லை அறுத்து வயலில் போட்டிருக்கும்போது மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கரண்டு இருக்கும்போதே மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுங்கள். ஓட்டுக் கொட்டகையிலோ மரத்தடியிலோ கட்ட வேண்டாம். மோட்டார் கொட்டகையில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நள்ளிரவில் காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். புயலின் கண் உங்கள் ஊர் மேல் இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். விடிந்த பிறகும் அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள்; மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-ல் கூப்பிடலாம்.

புயல் இல்லாத நாள்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கூரையோ மரமோ மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அதில் நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதனிடமே கொடுத்துவிடலாம். நம் அளவை விடச் சுத்தமாகவே இருக்கும். ஒரு பருவம் எழுதினால், எத்தனை மில்லிமீட்டருக்கு உங்கள் வடிகால் திணறுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு "மிக கனமழை" என்று செய்தியில் கேட்டால், அதாவது 115 மில்லிமீட்டருக்கு மேல், உங்கள் வயலில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே விளங்கும். செவ்வாய், வெள்ளிதோறும் வரும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் பார்த்து, மறுநாள் மழை என்றால் உரம், மருந்தைத் தள்ளிப்போடுங்கள்.

விழுந்த தென்னையைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. மனம் வராமல் பலர் அப்படியே போட்டுவிடுகிறார்கள். அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். சில மாதங்களில் அது நிற்கும் மரத்தின் குருத்துக்கு வரும். அந்தக் காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டும் நுழையும். தண்டை அறுத்துத் தோப்பை விட்டு அப்புறப்படுத்துங்கள். முடியாவிட்டால் அடிக்கட்டையையாவது பிளந்து வெயிலில் காயப் போடுங்கள்.