நஞ்சு பட்டால் சிவக்கும் செடி

மருந்தடித்த கீரையைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க வழியுண்டா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கீரைக்கு இல்லை. ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில், ஷான் கட்லர், இயன் வீல்டன் குழுவினர் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றை மாற்றியமைத்தார்கள். அசின்பாஸ் எத்தில் என்ற பூச்சிக்கொல்லி பட்டால் அது பீட்ரூட் நிறமாகிவிடும். ஆய்வு 2023-இல் வெளியானது.

செடியிடம் ஏற்கெனவே இருந்த ஓர் ஏற்பாட்டைத்தான் அவர்கள் திருத்திக்கொண்டார்கள். மண் காய்ந்தால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் சுரக்கும். அதைப் பிடிக்கும் புரதத்தின் நடுவே ஒரு பள்ளம், மேலே ஒரு மூடி. அமிலம் பள்ளத்தில் அமர்ந்ததும் மூடி விழும். புரதம் தன் கூட்டாளிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இலைத்துளைகள் அடைபட்டு நீர் மிச்சமாகும். அந்தப் பள்ளத்தைப் பூச்சிக்கொல்லி அமரும்படி மாற்றினார்கள்.

ஆனால் நஞ்சு பட்டதும், வறட்சி வந்துவிட்டதென்று செடி துளைகளைச் சாத்திக்கொண்டால்? எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுப் பொத்தானை அழுத்தினால் எங்கள் வீட்டு மணி அடிக்கும். பொத்தான், மணி இரண்டையும் வேறு அலைவரிசைக்கு மாற்றிய பிறகே நிம்மதி. இங்கும் அதே வைத்தியம்தான்: புரதத்தையும் கூட்டாளியையும் சேர்த்தே திருத்தி, அவை தங்களுக்குள் மட்டும் ஒட்டும்படி செய்தார்கள். அடடா, என்ன நுட்பம்!

நிறமும் இரவல். சிவப்புத் தண்டுக்கீரை, காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகியவற்றில் இருக்கும் பீட்டாலெய்ன் கடுகுக் குடும்பத்தில் இயற்கையாக உண்டாவதில்லை. 3 மரபணுக்களைச் சேர்த்தால், எல்லாச் செல்களிலும் உள்ள டைரோசினிலிருந்தே அது உருவாகிவிடுகிறது. பார்க்கக் கருவி வேண்டாம், கண் போதும்.

அசின்பாஸ் எத்தில், நரம்புகளைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை. அந்த வகையில் பல இன்றும் நம் வயல்களில் புழங்குகின்றன. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கப்போய் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கையுறையும் முகக்கவசமும் பெரிய விஞ்ஞானம் இல்லை. அவற்றைக்கூடக் கொடுக்காமல் அதிசயச் செடிக்குக் காத்திருப்பது வெட்கக்கேடு.

இது இன்னும் ஆய்வுக்கூடச் செடிதான். காட்டிக்கொடுப்பதும் ஒரே ஒரு நஞ்சை. ஆகவே வாசகி அம்மா, மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று கீரைக்காரரிடமே கேளுங்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது மருந்தோடு வரும் துண்டுச்சீட்டிலேயே இருக்கும்.