ஆற்றுப்படுத்தலும் ஒரு முனைவர் படிப்பே

"மனசு சரியில்லையா? செபம் பண்ணு, சாமியாரிடம் போய்ச் சொல்." நம் பங்குகளில் பெரியவர்கள் தரும் முதல் அறிவுரை இதுதான். அதில் தவறில்லை. ஆனால் உளவியலாளரிடம் போகச் சொன்னால் மட்டும் தயங்குகிறோம். அது விசுவாசத்திற்குப் புறம்பானது என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு இன்றும் உண்டு.

அமெரிக்காவில் இத்துறைக்குத் தொடக்கத்திலேயே தோள் கொடுத்தவர்களில் குருக்களும் உண்டு. வாஷிங்டன் நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1891இல் உளவியல் கற்பிக்கத் தொடங்கியவர் அருட்தந்தை எட்வர்ட் பேஸ். ஜெர்மனியில் வில்ஹெம் வூண்ட்டிடம் பயின்றவர். அவருடைய மாணவர் அருட்தந்தை தாமஸ் வெர்னர் மூர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றதோடு நில்லாமல் மருத்துவமும் படித்தார். 1916இல் அந்நகரின் பிராவிடன்ஸ் மருத்துவமனையில் மனநோயாளர்களுக்கென ஒரு சிகிச்சைப் பிரிவைத் திறந்தார்.

அந்நாட்டில் இம்முனைவர் படிப்பு லேசானதல்ல. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆய்வு செய்பவரே சிகிச்சையும் அறிந்திருக்க வேண்டும் என்பது 1949இல் போல்டர் நகரில் நடந்த மாநாட்டின் முடிவு. எனவே ஆய்வேடும் உண்டு, துன்புறுவோரோடு நேரடிப் பயிற்சியும் உண்டு. மாணவர் நடத்திய உரையாடலின் பதிவை, வந்தவரின் சம்மதத்தோடு மேற்பார்வையாளர் கேட்பார். 'இங்கே ஏன் அவசரப்பட்டு அறிவுரை சொன்னீர்கள்?' என்று நிறுத்தித் திருத்துவார். (நம் வீடுகளில் யார் நம்மை இப்படித் திருத்துகிறார்கள்?) அதன்பின் ஓராண்டு முழுநேரப் பயிற்சி, உரிமத் தேர்வு.

மருத்துவ உளவியல் கடுமையான மனநோய்களையே அதிகம் நோக்கியது. ஆற்றுப்படுத்தல் உளவியல் தொழில் வழிகாட்டலிலிருந்து வளர்ந்தது. இன்று இரண்டுக்கும் இடையே பெரிய சுவர் இல்லை.

"சொன்னதை வெளியே சொல்லிவிடுவார்களோ?" என்பதே நம் மக்களின் உண்மையான அச்சம். இங்கேதான் ஒப்புரவு அருட்சாதனத்திலிருந்து இது வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் 1969இல் ஒரு மாணவி கொல்லப்பட்டார். கொன்றவர் தம் எண்ணத்தை முன்பே பல்கலைக்கழக உளவியலாளரிடம் சொல்லியிருந்தார். காவலர்களுக்குத் தகவல் போயிற்று, அந்தப் பெண்ணுக்குப் போகவில்லை. ஆபத்திலிருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இரகசியம் காக்கும் உளவியலாளருக்கும் சில விதிவிலக்குகள் உண்டு. முதல் சந்திப்பிலேயே அவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் தொழில்நெறி.

ஒப்புரவில் கேட்டதையோ குரு எந்நிலையிலும் வெளியிட முடியாது. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் அங்கே முழந்தாளிட்டாலும், வெளியே வந்து மனநல உதவி நாடும்படி அவரையே கெஞ்சிக் கேட்கலாம். அவர் வீட்டாருக்குச் சொல்ல முடியாது.