மாணவர் காப்புறுதி தனியார் கைக்குப் போனால் நோயுற்ற பிள்ளைகளின் நிலை என்ன?

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், என் வகுப்பு மாணவன் ஒருவனின் உம்மா ஒரு ஷொப்பிங் பேக் நிறைய பில்லுகளோடு பாடசாலைக்கு வந்தார். மகனுக்குச் சிறுநீரக நோய். அரச வைத்தியசாலையில் வார்டும் க்ளினிக்கும் இலவசம்தான். ஆனால் வெளியே செய்த பரிசோதனைகளும் வாங்கிய மருந்துகளும் அந்தப் பைக்குள் இருந்தன.

"சேர், சுரக்ஷா போம் இனி எடுக்கிறல்லன்டு சொல்றாங்க, மெய்யா?"

மெய்தான். 2017 இல் கல்வி அமைச்சு ஆரம்பித்த சுரக்ஷா மாணவர் காப்புறுதி 2022 இறுதியில் நின்றுபோனது. மீண்டும் வந்தது 2024 செப்டெம்பரில்தான். நாடு மருந்தில்லாமல் தவித்த காலம் அது. பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை.

இத்திட்டம் ஆரம்பத்தில் அரசுக்குச் சொந்தமான இலங்கை காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் ஊடாகவே நடந்தது. அந்தக் கூட்டுத்தாபனம் 2003 இல் தனியாருக்கு விற்கப்பட்டிருந்தது. 2009 ஜூனில் உயர் நீதிமன்றம் அவ்விற்பனையை இரத்துச் செய்தது. 2023 இல் மறுபடியும் விற்பனைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2024 இல் வந்த புதிய அரசாங்கம் அதை நிறுத்தியது. ஆக, இந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை.

விற்றால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சுரக்ஷாவில் சுமார் 45 இலட்சம் மாணவர்கள் ஒரே கூடைக்குள் இருந்தார்கள். ஆரோக்கியமான பிள்ளைகள் அதிகம் என்பதால்தான் நோயாளிப் பிள்ளையின் செலவைத் தாங்க முடிகிறது. இலாபத்துக்கு நடக்கும் கம்பனிக்கோ அந்தப் பிள்ளை ஒரு நட்டக் கணக்கு. பிறவிக் குறைபாடு, ஏற்கெனவே இருந்த நோய், காத்திருப்புக் காலம் என்று தனியார் காப்புறுதிப் பத்திரங்களின் சின்ன எழுத்துக்களைப் படித்துப் பாருங்கள். இருதயத்தில் துவாரத்தோடு பிறந்த பிள்ளையைத்தான் அவை முதலில் வெளியே தள்ளும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்புறுதியைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தது. தொண்டையில் குழாயோடு வாழ்ந்த ஒரு குழந்தைக்கு 24 மணிநேரத் தாதிப் பராமரிப்புக் கேட்டதற்குக் கம்பனி மறுத்தது. குழந்தை குழாயைப் பிடுங்கிவிட, மூளை பாதிக்கப்பட்டது. இதை 2018 இல் டல்லாஸ் மோர்னிங் நியூஸ் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது.

எங்களைப் போன்ற அரச ஊழியருக்கு அக்ரஹார இருக்கிறது. சம்பளத்தில் வெட்டினாலும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. கண்டி டவுனில் பேமண்டில் துணி விற்கும் வாப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய பிள்ளைக்கு நோய் வந்தால் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரிக்கிறோம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேசன் 20 கோடி ரூபா இலக்கு வைத்துத் திரட்டியபோது, எல்லா இனத்தவரும் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த ஈகைக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளைக்காகத் துண்டு விரிப்பதைச் சுகாதாரக் கொள்கை என்று சொல்ல முடியாது.

சுரக்ஷாவிலும் குறை உண்டு. முதலில் நாம் செலவழித்து, பிறகுதான் பெற வேண்டும். அந்த முதல் காசு எல்லா வீட்டிலும் இல்லை.

ஆகவே பெற்றோரே, டயக்னோசிஸ் கார்டையும் மூலப் பில்லுகளையும் வீசிவிடாதீர்கள். வைத்தியசாலையிலிருந்து வந்த கையோடு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். போமை நிரப்பத் தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டுவாருங்கள், நாங்கள் நிரப்பித் தருகிறோம்.