எங்கே அறுந்தது? – 11: கூப்பிட்டால் பதில் வருகிறதா?

சென்ற வாரம் மோடத்தின் விளக்குகளோடு நிறுத்தியிருந்தோம். சிவப்பு எரிந்தால் கேபிள்காரர் பாடு, எல்லாம் பச்சையாக எரிந்தும் நெட் வரவில்லை என்றால் நம் பாடு. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்டத் தேவையில்லை.

இந்த வாரம் டிஎன்எஸ் என்று அறிவித்திருந்தேன். அதற்கு வாசல்படியாக ‘பிங்’ பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு உள்ளே போவதாகத் திட்டம். ஆனால் பிங் ஒரு பத்திக்குள் அடங்குகிற ஆள் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் போனால் நமக்குக் கையில் இருக்கும் ஒரே நேர்மையான கருவி அதுதான். விளக்கு பொய் சொல்லும், திரையின் மூலையில் இருக்கும் பூகோள உருண்டைப் படம் பொய் சொல்லும், ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்’ என்பதும் சில சமயம் பொய்யாக இருக்கும். பிங் கூப்பிடும். பதில் வந்தால் வந்தது என்று சொல்லும், வராவிட்டால் வரவில்லை என்று சொல்லும்.

1983 டிசம்பர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ராணுவத்தின் பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரி. அங்கே வேலை பார்த்த மைக் மூஸ் என்ற இளைஞருக்கு அப்போது வயது இருபத்தைந்து. இன்றைய இணையம் ஓடும் டிசிபி/ஐபி முறைக்கு அர்பாநெட் மாறி ஒரு வருடம்கூட நிறைவடையவில்லை. ஆய்வுக்கூடத்தின் நெட்வொர்க் விட்டுவிட்டு மக்கர் செய்தது. எங்கே அறுகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அதே வருடம் ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், டேவ் மில்ஸ் என்ற விஞ்ஞானி, ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் வேலையைப் பற்றிப் பேசியது மூஸுக்கு நினைவு வந்தது. ஐசிஎம்பி என்ற விதிமுறை 1981-லேயே எழுதப்பட்டுவிட்டது. ‘நான் அனுப்புவதை அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பு’ என்ற ஒரு கட்டளையும் அதில் இருந்தது. அதை ஆயுதமாக்கி ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் ஒரு நிரலை எழுதி முடித்தார் மூஸ். கல்லூரியில் சோனார் பற்றிப் படித்தவர் அவர். நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் ஒலியை விட்டு, எதிரொலியை வைத்து எதிரே இருப்பதை அறியும் முறை அது. அந்த ஒலியின் பெயரையே நிரலுக்கு வைத்தார்: பிங்.

2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சாலை விபத்தில் மூஸ் இறந்துபோனார். பெரிய பெரிய வேலைகள் செய்தவர்தான். ஆனாலும் உலகம் அவரை ஓர் இரவு வேலைக்காகவே நினைவில் வைத்திருக்கிறது.

அவர் சொல்லிப்போன ஒரு கதை இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் அடிக்கடி துண்டித்துத் துண்டித்து வந்துகொண்டிருந்தது. ஏதோ ஓர் இணைப்பு முனை லூஸ். எது என்றுதான் தெரியவில்லை. பார்த்துக்கொண்டவர் என்ன செய்தார் தெரியுமா? பிங் நிரலைக் கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் நிரலோடு இணைத்தார். பதில் வரும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ‘பிங்’ என்று சொல்லும். அறையிலிருந்த ஸ்டீரியோவில் அதை இணைத்துச் சத்தத்தைக் காது தாங்கும் மட்டும் ஏற்றிவைத்தார். பிங், பிங், பிங் என்று நொடிக்கொரு முறை கட்டடமே அதிர, மனிதர் ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொரு கேபிள் முனையையும் ஆட்டிப் பார்த்தார். ஒரு முனையை ஆட்டியதும் சத்தம் நின்றது. அகப்பட்டுக்கொண்டது!

இதைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, வீட்டு ரவுட்டருக்குப் பிங் போட்டு ஓடவிட்டு, கேபிளைக் கம்ப்யூட்டர் முனையில் மெல்ல அசைத்துப் பார்த்ததுதான். ஸ்டீரியோ இல்லாவிட்டாலும் கண்ணால் பார்க்கலாம். கேபிள் முனையில் இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்துபோன வீடுகள் எத்தனை! கொக்கி ஒடிந்த கேபிள் சொருகினால் நிற்கும், மேசையில் யாராவது இடித்தால் விலகும். அதற்கு ஆள் வர வேண்டாம். புது முனை ஒன்றை அடித்துக்கொண்டால் போதும்.

சரி, செய்முறை. விண்டோஸ் என்றால் தேடும் கட்டத்தில் சிஎம்டி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்தால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் எண்ணை அடிக்க வேண்டும். நான்கு முறை கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளும். நிறுத்தாமல் ஓட வேண்டுமானால் கடைசியில் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்க்க வேண்டும்.

அருகில் இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். 127.0.0.1 என்பது உங்கள் கம்ப்யூட்டரே. கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் இதற்குப் பதில் வரும். வராவிட்டால் கோளாறு விண்டோஸுக்கு உள்ளேயே இருக்கிறது. அது அபூர்வம்.

அடுத்தது ரவுட்டர். பல வீடுகளில் 192.168.1.1, சில வீடுகளில் 192.168.0.1. அதே கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியான எண் இருக்கும். அங்கே உங்கள் கம்ப்யூட்டரின் எண் 169.254 என்று தொடங்கினால், பிங் போடும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. ‘எனக்கு ஒரு எண் கொடுங்கள்’ என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, கொடுக்க யாரும் இல்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டுவிட்டது. கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் அறுந்திருக்கிறது என்று பொருள். கேபிள்காரரைக் கூப்பிடாதீர்கள். உங்கள் அறைக்குள்ளேயே தேடுங்கள்.

மூன்றாவது வெளியுலகம்: 8.8.8.8. கூகுள் நிறுவனம் 2009 டிசம்பரில் திறந்துவைத்த எண் இது. ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லாவிட்டால் கோளாறு வீட்டுக்கு வெளியே. நான்காவது, எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரை அடிப்பது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், அது பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸின் கோளாறு. அதை இப்போது தொட மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. வேண்டுமென்றே பிங்குக்குப் பதில் சொல்லாத கம்ப்யூட்டர்களும் உண்டு. ஏதோ ஒரு தளம் பதில் சொல்லவில்லை என்பதற்காக அது செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அதனால்தான் பதில் சொல்லிப் பழகிய 8.8.8.8.

பதில் வரும் வரியில் எத்தனை மில்லி செகண்டு என்று ஒரு எண் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கலிஃபோர்னியா இங்கிருந்து 14,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், போய்த் திரும்ப 140 மில்லி செகண்டாவது ஆகவேண்டும். மதுரையில் உட்கார்ந்து 8.8.8.8-ஐக் கூப்பிட்டு 20 மில்லி செகண்டில் பதில் வந்தால், பதில் சொன்னது அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டராக இருக்கவே முடியாது. ஒரே எண்ணை உலகில் பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பதில் சொல்வது பக்கத்தில் இருப்பது. தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, ஒரு வகுத்தல் கணக்கில் இதைக் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இன்னொன்று. விண்டோஸின் பிங் ஒவ்வொரு முறையும் 32 பைட் அனுப்புகிறது என்று திரையில் வரும். அந்த 32-இல் என்ன இருக்கிறது? ஆங்கில அகரவரிசை. ஏயில் தொடங்கி டபிள்யூ வரை 23 எழுத்து. பிறகு மறுபடி ஏயிலிருந்து ஐ வரை 9 எழுத்து. எக்ஸ், ஒய், இஸட் மூன்றுக்கும் இடமே இல்லை. இணையத்தின் கம்பிகளில் அந்த அரைகுறை அகரவரிசை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் கேபிள்காரருடன் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“தம்பி, நெட் வரலப்பா.”

“லைட்டு எரியுதாக்கா?”

“எல்லாம் எரியுது.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ணியாச்சுப்பா.”

“அப்ப சாயங்காலம் ஆள் வருவாப்ல.”

‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதைத் தட்டிக்கழிக்கும் பதில் என்று நினைக்கிறோம். அதில் உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. அந்தக் காரணத்தை அளந்து எழுதியவர்கள் நமக்குப் பக்கத்துத் தேனியில் வேலை செய்தவர்கள்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். அதன் தேனி கிளையிலிருந்து சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்கள் திறந்தார்கள். ஊரிலேயே கண்ணைப் பார்ப்பார்கள். நோயாளி கேமரா முன் உட்கார, தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் பேசுவார். அப்போது அந்த ஊர்களுக்கு வேகமான நெட் கிடையாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு, நம் வீட்டு வைஃபை கருவிகளின் அதே இனத்தைக் கோபுரங்களில் ஏற்றி, ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனாக்களால் ஊர்களை இணைத்தது. வைஃபை சில அறைகளுக்காகப் பிறந்தது. ‘கிடைத்தது’ என்ற பதிலுக்கு மிகச் சிறு நேரமே காத்திருக்கும். கிலோமீட்டர் கணக்கில் தூரம் போனால் பதில் வருமுன் பொறுமை இழந்து மறுபடி அனுப்பும். ஆகவே இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி அந்த விதியையே மாற்றி எழுதினார்கள். இது 2007-இல் வெளியானது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதே குழு 2008-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை. நெட்வொர்க்கை அமைத்துவிட்டோம், அது ஏன் அடிக்கடி படுத்துவிடுகிறது என்பதை மறைக்காமல் எழுதிய கட்டுரை. ரேடியோ அலை அல்ல, வைரஸ் அல்ல, முதல் எதிரி கரண்ட். நம் நாட்டுக் கிராமம் ஒன்றில் மின்சாரத்தை வாரக்கணக்கில் அளந்தார்கள். 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 70 வோல்ட்டுக்குக் கீழே நீண்ட நேரம் இறங்குவதையும், 350-க்கு மேலே ஏறுவதையும், கண நேரத்தில் 1,000 வோல்ட் வரை துள்ளுவதையும் பார்த்தார்கள். துள்ளும்போது கருவி எரியும். அது தெரிந்துவிடும். இறங்கும்போது நடப்பதுதான் நமக்கு முக்கியம். வோல்டேஜ் அரைகுறையாக வரும்போது ரவுட்டர் அணைவதில்லை, ஓடுவதும் இல்லை. நடுவில் தொங்கி உறைந்து நிற்கிறது. வோல்டேஜ் சரியான பிறகும் அது தானாக மீள்வதில்லை. முழுக்க அணைத்துப் போட்டால்தான் எழும். குறைந்த வோல்டேஜ் வந்தால் ரவுட்டரை முழுக்கத் துண்டித்துவிடும் சிறு சுற்று ஒன்றைப் பொருத்தி அவர்கள் இதைச் சமாளித்தார்கள்.

சென்ற வார விளக்குப் பாடத்துக்கு இது ஒரு திருத்தம். அப்படி உறைந்த ரவுட்டரிலும் விளக்கு எரியலாம். விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும், பதில் சொல்ல மூளை ஓட வேண்டும். எனவே பச்சையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ரவுட்டரைக் கூப்பிட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் தெரு முழுக்க ஏசி ஓடும் இரவுகளில், மின்விசிறி மெதுவாகச் சுற்றும் அந்த நேரத்தில், நெட் போனால் முதல் சந்தேகம் கரண்ட் மேல் இருக்கட்டும். ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. நம் ஊரில் அது ஆடம்பரம் இல்லை.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. கரண்ட் போன அதே நொடியில் நெட்டும் போகிறதா? ரவுட்டருக்குப் பிங் போடுங்கள். பதில் வரும், 8.8.8.8 மட்டும் வராது. உங்கள் வீட்டில் எல்லாம் சரி. கேபிள்காரர் தெருமுனையிலோ யார் மொட்டைமாடியிலோ வைத்திருக்கும் சுவிட்ச் பெட்டிக்கு பேட்டரி இல்லை. முழுக்க ஃபைபரில் வரும் ஜிபான் இணைப்பில் நடுவழியில் கரண்ட் தேவைப்படும் பெட்டியே கிடையாது. ஒளியைக் கண்ணாடியே பிரித்துக் கொடுத்துவிடும். புதிதாக இணைப்பு வாங்கும்போது ‘நடுவுல கரண்ட்ல ஓடுற பெட்டி இருக்காண்ணே?’ என்று கேட்டு வாங்குங்கள்.

மேலூர் கதைக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. 2001 வாக்கில் சென்னை ஐஐடியின் கார்டெக்ட் தொழில்நுட்பத்தில், கம்பியில்லாமல் மேலூர் வட்டக் கிராமங்களுக்கு நெட் போனது. அங்கிருந்தும் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்துக்கு அனுப்பினார்கள். அந்த மையங்கள் பல பின்னால் ஏன் மூடப்பட்டன என்பது தனி அத்தியாயமாக வரவேண்டியது. வரும்.

அடுத்த வாரம் டிஎன்எஸ்தான், மாற்றம் இல்லை. அதற்குள் ஒரு வேலை செய்துவையுங்கள். நெட் நன்றாக ஓடும் நாளிலேயே நான்கு பிங்கும் போட்டு, உங்கள் ரவுட்டரின் எண்ணையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். நெட் போகிற நாளில் கேபிள்காரரிடம் “நெட் வரல” என்று சொல்லாமல், “ரவுட்டர் பதில் சொல்லுது, எட்டு எட்டு எட்டு எட்டு சொல்லல” என்று சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்து வருவார்.